வெறும் முன்னூறு

"கட்டிலைத் தூக்குறதுக்கு முன்னாடி அந்த ஒயரை வெட்டி விட்டுடுங்க," என்றான் அண்ணன்.

வண்டியோடு வந்திருந்த இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பழைய தொலைபேசி ஒயர் அது. சுவரிலிருந்து கிளம்பித் தரையோரமாக வந்து, கட்டில் காலை இரண்டு சுற்றுச் சுற்றி, ஜன்னலோர மேசைமேல் ஏறியிருந்தது. ஒருவர் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தே விட்டார்.

"வெட்டாதீங்க. ஒரு நிமிஷம் இருங்க," என்று தங்கை தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த லைன் செத்து எட்டு வருஷம் ஆச்சுடி."

செத்து என்ற சொல் வாயை விட்டு வந்த பிறகுதான் அண்ணனுக்கு உறைத்தது. அப்பா கட்டில்மேல் படுத்திருந்தார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். கடிகாரத்தில் பார்க்க ஒன்றுமில்லை, மணி பத்தரைதான்.

"விடுடா, மெகா கழட்டிடுவா," என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா. எழுபத்தாறு வயதில் தம்பியை வழியனுப்ப நிற்கிறாள், கையில் இன்னமும் வீட்டைக் கூட்டிய துடைப்பம்.

மெகா என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறு நல்ல பெயர் உண்டு. இந்த வீட்டில் இப்போது அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. மெகா ஒயரை நகத்தால் நெம்பி ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினாள். முப்பது வருடத் தூசு. அவள் தலைக்கு ஒரு சாண் மேலே அப்பாவின் கை இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒயரைக் கழற்றும் வேலை இருக்கிறதே, அதற்காவது நன்றி சொல்ல வேண்டும்.

"ம், தூக்குங்க," என்றாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மணி இரண்டு. வந்தவர்கள் வந்த வேகத்தில் கலைந்துவிட்டார்கள். வாடகை நாற்காலிகள் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு சோபாவில் சாய்ந்தான். டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். இரண்டு நாளாகக் கடையை வேலையாட்கள் பார்க்கிறார்கள் என்ற கவலை அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு அப்பாவோடு சண்டையும் கிடையாது, பேச்சும் கிடையாது.

அத்தை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஏம்மா மெகா, நான் ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"கேளுங்க அத்தை."

"செவ்வாக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வந்தேன். சாப்பாடு வேணாம்னுட்டான். ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள இழுத்து இழுத்து மூச்சு. டாக்டரைக் கூப்பிடறேன்டான்னேன். 'மெகாகிட்ட சொல்லிட்டேன், அவ பாத்துப்பா'ன்னான். சரி, படிச்ச பொண்ணு, ஏதோ ஏற்பாடு பண்ணுவான்னு நானும் போயிட்டேன். மறுநாள் காலையில வந்து பாத்தா..." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "உன்கிட்ட என்னம்மா சொன்னான்?"

மெகா தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே அத்தை."

"சொல்லிட்டேன்னானே!"

"சொல்லியிருந்தா நான் வராம இருப்பேனா?"

அத்தை குற்றம் சாட்டவில்லை. சாட்டியிருந்தால் தேவலை. காலிக் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அப்பா பொய் சொன்னாரா, தான்தான் எதையோ விட்டுவிட்டோமா என்று பார்க்க மெகா தன் போனை எடுத்தாள். இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு அப்பாவிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. அதில் ஒரு எண் மட்டும்.

300.

"என்னது முன்னூறு?" என்று அண்ணன் எட்டிப் பார்த்தான். "மாத்திரையா?"

"இல்ல. நெட்டு. நான்தான் அப்பாவுக்குப் புது ஃபைபர் கனெக்‌ஷனுக்குப் பதிவு பண்ணியிருந்தேன். முன்னூறு மெகா. செவ்வாக்கிழமைதான் வந்து போடறதாச் சொல்லியிருந்தாங்க."

"அப்ப நெட்டு வந்துடுச்சுன்னு சொல்லியிருக்கார். அதைத்தான் அத்தைகிட்டயும் சொல்லியிருப்பார். விடு, மனசைப் போட்டுக் குழப்பிக்காத." அண்ணன் எழுந்து சாவியை எடுத்தான். "கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். நாற்காலிக்காரன் வந்தா எண்ணி எடுத்துட்டுப் போகச் சொல்லு."

அண்ணன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் மெகா செய்தியை மூடவில்லை. ஏனென்றால் இந்த எண்களின் கதை அண்ணனுக்குத் தெரியாது.

அப்பா தொலைபேசி நிலையத்தில் மோடம் அறையைப் பார்த்துக்கொண்டவர். ஊரில் வீட்டுக்கு வீடு டயல்-அப் இருந்த காலம் அது. வீட்டுக் கணினிகள் போன் லைன் வழியாகக் கூப்பிட, அந்த அழைப்புகள் எல்லாம் வந்து விழுவது அந்த அறையில்தான். மெகா பள்ளிவிட்டு நேரே அங்கே போய்விடுவாள். இருநூறு மோடம்கள் அலமாரிகளில் மினுக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் சேரும்போது கீச்சென்று கத்தி, கரகரத்து, இரைந்து அடங்கும். அப்பா அந்த இரைச்சலைக் காதால் கேட்டே வேகத்தைச் சொல்லிவிடுவார். "இது இழுக்குது பாரு. முப்பத்து மூணுலதான் நிக்கும்." நிற்கும். லைனில் இரைச்சல் இருந்தால் மோடம் அறுந்துபோகாது, வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேச்சைத் தொடரும். அதுதான் அப்பாவுக்குப் பிடித்த குணம். "ஐம்பத்தாறு முடியலையா, முப்பத்து மூணு. அதுவும் முடியலையா, இருபத்தெட்டு. கௌரவம் பாக்காம இறங்கி வருது பாரு, மனுஷன் வருவானா?"

அவள் படித்து முடித்து, வேறு ஊரில் ஒளியிழைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாளே போன் செய்து, "அப்பா, நான் பாக்குற லைன் நூத்தி ஐம்பத்தஞ்சு மெகா," என்று பீற்றிக்கொண்டாள்.

"மெகா எல்லாம் எனக்குப் புரியாது. நம்ம மோடத்துல எத்தனைன்னு சொல்லு."

அவள் ஐம்பத்தாறால் வகுத்தாள். "ரெண்டாயிரத்து எழுநூத்தி அறுபத்தெட்டு."

"ஐம்பத்தாறு டப்பாமேல எழுதினதுடி. ஒயர்ல வர்றது நாப்பத்து நாலுதான். அதுல வகு."

அன்றைக்கு வைத்த பெயர்தான் மெகா. மோடத்தின் வேகமெல்லாம் கிலோ கணக்கு என்பதால், அவருக்கு அவள் வைத்த பெயர் கிலோ. அவள் வேலையில் லைன்கள் பெருகப் பெருக, கணக்கும் பெருகியது. பத்து கிகா லைன் வந்த அன்று அப்பா இரண்டு லட்சத்து இருபத்தேழாயிரம் மோடம் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "அடேயப்பா! அத்தனை பேருக்கும் பேச என்னடி இருக்கு?" என்றார்.

அம்மா போன பிறகு எண்கள் வேறு வேலைக்கு வந்தன. "எப்படி இருக்கீங்கன்னு கேக்காத. நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது," என்றார் அப்பா. மறுநாளிலிருந்து தினமும் ஒரு எண் வரும். 44 என்றால் நன்றாக இருக்கிறார். 33 என்றால் முழங்கால் வலி. 28 என்றால் அம்மாவின் நினைவு. ஐம்பத்தாறு என்று ஒருநாளும் அனுப்பியதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒருமுறை 9.6 என்று வந்தது. அவள் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைக்கூடக் கழற்றாமல் பேருந்து ஏறினாள். நுரையீரலில் சளி கட்டியிருந்தது. "ஒன்பது புள்ளி ஆறுக்கே ஓடி வந்துட்டியா?" என்று மருத்துவமனைக் கட்டிலிலிருந்து சிரித்தார்.

வேறு எதையும் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவளும் அந்த ஊரில் தனியாகத்தான் இருந்தாள். ஷிப்டு முடிந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள் அவள் போட்டுவிட்டுப் போன செருப்பு போட்ட இடத்திலேயே கிடக்கும். நாளில் அவளுக்கென்று வருவது அந்த ஒரு எண்தான். அதற்கு அவள் தன் எண்ணைத் திருப்பி அனுப்புவாள். மெகாவும் கிலோவும் யாருக்கும் புரியாமல் இப்படிப் பதினோரு வருடம் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை 14.4 என்று வந்திருந்தது. 'என்ன ஆச்சு?' என்று கேட்டிருந்தாள். 'சளி. லைன்ல கொஞ்சம் இரைச்சல்' என்றது பதில்.

செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதும் நினைவிருந்தது. எங்கோ பள்ளம் தோண்டிய இயந்திரம் பெரிய கேபிள் ஒன்றை அறுத்துவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு, அறை முழுக்கப் போன் சத்தம். அந்த அமளியில் 300 என்று பார்த்ததும் அப்பாடா, ஃபைபர் போட்டுவிட்டார்கள், சளியும் தேவலை போலிருக்கிறது என்று நிம்மதியானாள். இடது கையாலேயே பதில் தட்டினாள்.

'ஆஹா! 6818 மோடம்! ஜமாயுங்கப்பா!'

பதினோரு நிமிடம் கழித்து அவர் எழுதியிருந்தார்.

'சரி.'

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டது. நாற்காலிக்காரர் என்று நினைத்துப் போனாள். வந்தவர் தோளில் கறுப்பு கேபிள் சுருளும் கையில் ஒரு அட்டைப்பெட்டியுமாக நின்றார். நாற்பது, நாற்பத்தைந்து வயது. அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"வணக்கம் மேடம். நெட் கனெக்‌ஷன் போட வந்திருக்கேன். வீட்ல ஏதும் விசேஷமா?"

"எங்கப்பா காலமாயிட்டார். இப்பதான் எல்லாம் முடிஞ்சு வந்தோம்."

அவருக்குப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ஐயோ... மன்னிச்சுடுங்க மேடம். எனக்குத் தெரியாது. ஐயாவா? முந்தாநேத்துகூடப் பாத்தேனே!"

"முந்தாநேத்துதானே வந்து போட்டீங்க? இன்னிக்கு என்ன?"

"போடலையே மேடம். வந்தேன், ஆனா போடலை. மூணரை மணி இருக்கும். பெல் அடிச்சு ரொம்ப நேரம் கழிச்சு ஐயா கதவைத் திறந்தார். நிலையைப் பிடிச்சுட்டு நின்னார், மூச்சு வாங்குச்சு. 'இன்னிக்கு எனக்கு முடியலப்பா, வியாழக்கிழமை வா'ன்னார். எங்க ஆபீஸ்ல தேதி மாத்தமாட்டாங்கன்னு சொன்னேன். 'வியாழக்கிழமை என் பொண்ணு இங்க இருப்பா, அவ இந்தத் தொழில்தான், கூட இருந்து பாத்துப்பா'ன்னார். சரின்னு எழுதிக்கிட்டுப் போனேன்." தயங்கினார். "அந்தப் பொண்ணு நீங்கதானா மேடம்?"

"நான்தான்," என்றாள் மெகா.

நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பிடித்த அதே நிலையாகத்தான் இருக்க வேண்டும், வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

மூணரைக்கு ஃபைபர் இல்லை. நாலு பத்துக்கும் இல்லை. அப்படியானால் அது ஃபைபரின் முன்னூறு இல்லை. அவர்களுடைய முன்னூறு. அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த முதல் மோடத்தில் போன் ரிசீவரை இரண்டு ரப்பர் கிண்ணத்தில் படுக்க வைக்க வேண்டுமாம். வினாடிக்கு வெறும் முன்னூறு பிட், ஒரு கிலோகூடக் கிடையாது. "எழுத்து ஒண்ணொண்ணா வரும்டி, வர வரப் படிச்சுக்கிட்டே போகலாம். அதுக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. அதுக்குக் கீழன்னா லைன் கட்டுதான்." இதை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். ஆனால் அந்த எண்ணை அவர் அனுப்பியதே இல்லை. ஒரே ஒரு தடவை அனுப்பினார், அவள் அதன் பின்னால் தன் பெயரைச் சேர்த்துப் படித்துவிட்டாள்.

முன்னூறுக்கும் முன்னூறு மெகாவுக்கும் நடுவில் பத்து லட்சம் மடங்கு. அலகு போடாமல் எண் எழுதியதற்காக, வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பையனை அவள் எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறாள்.

சரி என்றாரே, என்ன சரி? திருத்தியிருக்கலாமே, இந்த மனுஷர். 'இல்லடி' என்று நாலு எழுத்து போதுமே. முன்னூறில் அதை அனுப்ப ஒரு வினாடிகூட ஆகாதே. கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்கு அடியில் அழுகை வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நான் இன்னொரு நாள் வரேன் மேடம்," என்றார் நெட்காரர் மெதுவாக.

"வேணாம். இன்னிக்கே போடுங்க."

"இல்ல, நீங்க இருக்கற நிலைமையில..."

"வியாழக்கிழமைன்னு சொன்னாருல்ல. போடுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கட்டில் நகர்த்தப்பட்ட இடத்தில் தரை வெளுப்பாக இருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"புதுசா ஓட்டை போட்டா தூசி பறக்கும் மேடம். இந்தப் பழைய போன் ஒயர் போகுதே, அது குழாய்க்குள்ளதானே போகுது? அதோட நுனியில என் கேபிளைக் கட்டி, நீங்க வெளிய இருந்து இழுத்தீங்கன்னா, அது வர வர இது உள்ள போயிடும். நல்லவேளை, வெட்டாம வச்சிருக்கீங்க."

மெகா வெளியே போய்ச் சுவரோரம் நின்று பழைய ஒயரைப் பிடித்தாள். "மெதுவா இழுங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. இழுத்தாள். முதலில் அசையவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தாமிர ஒயர் முழுவதும் வெளியே வந்து அவள் காலடியில் விழுந்தது. அதன் நுனியில், கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுக்குப் பின்னால், நூல் தடிமனில் புதுக் கேபிள் தலை நீட்டியது.

"வந்துடுச்சு," என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குப் பதில் சுவரை இரண்டு தட்டுத் தட்டினாள்.

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இப்ப இது ரொம்ப அவசியமா?" என்றாள் பொதுவாக. பிறகு மறுபடி பாத்திரத்துக்குப் போனாள். மெகா அவள் பின்னாலேயே போய் நின்றாள்.

"அத்தை."

"என்னம்மா."

"அப்பா என்கிட்ட சொல்லியிருக்கார். எனக்குத்தான் புரியல."

அத்தை குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்து, மருமகளின் முதுகில் ஒருமுறை வைத்தாள். அந்தக் கை கனமாக இருந்தது. பிறகு, "போ, அந்த ஆளு தனியா இருக்கார்," என்றாள்.

கம்பத்திலிருந்து இழுத்து, சேர்த்து, பெட்டியைச் சுவரில் மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. நெட்காரர் ரொம்பக் கவனமாக வேலை செய்தார். சுத்தியலைக்கூடத் துணி சுற்றித்தான் தட்டினார். "ஐயாவோட நம்பருக்கு ஒரு ஆறு இலக்கம் வரும் மேடம், அதைச் சொன்னீங்கன்னா ஆரம்பிச்சுடும்," என்றார்.

அப்பாவின் போன் சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடந்தது. உறவுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அண்ணன் அதை உயிரோடு வைத்திருந்தான். மெகா போய் எடுத்து எண்ணைப் படித்துச் சொன்னாள். அதன் பேட்டரி பழசு, ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

பெட்டியில் மூன்று விளக்குகள் மினுக்கின, நான்காவது பச்சையில் நின்றது. எந்தச் சத்தமும் இல்லை. கீச்சொலி இல்லை, கரகரப்பு இல்லை. காதால் கேட்டு வேகம் சொல்ல இதில் ஒன்றுமே கிடையாது. நெட்காரர் தன் போனில் சோதித்துவிட்டு அவள் பக்கம் நீட்டினார்.

"பாருங்க மேடம். முன்னூறு. அச்சா முன்னூறு வருது."

"ம்," என்றாள்.

"நீங்க யாருக்காவது ஒரு மெசேஜ் போட்டுப் பாத்துடுங்க. போச்சுன்னா கையெழுத்து வாங்கிட்டு நான் கிளம்பிடறேன்."

யாருக்கு? அவள் போனைத் திறந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். அலுவலகத்திலிருந்து இருபது பேர் கைகூப்பிய படம் அனுப்பியிருந்தார்கள். அண்ணன் நாற்காலியைப் பற்றிக் கேட்டிருந்தான். திரும்ப மேலே வந்தாள். கிலோ என்ற பெயரைத் தொட்டாள். 'சரி' என்பதற்குக் கீழே 300 என்று தட்டினாள். பின்னால் ஒன்றும் சேர்க்கவில்லை. அனுப்பினாள்.

சமையலறையில் அப்பாவின் போன் ஒருமுறை ஒலித்தது.

"டேய், உன் போன் அடிக்குது பாரு," என்றாள் அத்தை உள்ளிருந்து, பாத்திரம் தேய்த்தபடியே, தம்பியைக் கூப்பிடும் பழக்கத்தில்.

தேய்க்கும் சத்தம் நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. நெட்காரர் தலையைக் குனிந்து மீதிக் கேபிளைச் சுருட்டத் தொடங்கினார்.

"பாத்துட்டேன் அத்தை," என்றாள் மெகா.